தூரமா என்று மட்டும் கேட்டவர்

முன்னால் நின்ற பிக்கப் வண்டி ஓர் ஆள் நீளம் நகர்ந்து மறுபடி நின்றது, பூவராகனும் ஓர் ஆள் நீளம் நகர்ந்து நின்றார், ஸ்டேடியத்துக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது, இந்த வேகத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும், நாற்பது நிமிடத்தில் ஒரு மனிதனால் ஒரே ஒரு வாக்கியத்தை உருப்படியாகக் கட்ட முடியாதா என்ன. அறுபத்தொரு வயது. முப்பத்து மூன்று வருடமாக மெரிடன் பல்கலைக்கழகத்தில் எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறார், சொல்லுக்குத் தடுமாறாதவர் என்று பெயர். இப்போது தடுமாறினார். டேல், அன்றைக்குக் காலையிலேயே எனக்குத் தெரியும். தெரியும் என்பது அதிகம், யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லையே. டேல், அன்றைக்குக் காலையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இது குறைவு, தப்பித்துக்கொள்ளப் பார்க்கிற வாக்கியம். தெரியும் என்பதற்கும் சந்தேகம் என்பதற்கும் நடுவில் ஒரு சொல் வேண்டும், எந்த மொழியிலாவது இருந்தால் தேவலை. பக்கத்து இருக்கையில் மனைவி வசுமதி, மடியில் வடை டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெயில் முகத்தில் அடிக்கக் கண்ணை மூடியிருந்தாள். நவம்பர் வெயில், வெளிச்சம் உண்டு, சூடு கிடையாது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "என்னங்க வாய்க்குள்ளயே பேசிக்கிறீங்க?" ஒண்ணுமில்லே என்றார். ஒண்ணுமில்லே என்று சொல்வதில் மட்டும் இவருக்குத் தடுமாற்றமே வந்ததில்லை, அதுதானே இத்தனைக்கும் காரணம்.

தூரத்தில் பேண்டு வாத்தியம் ஒத்திகை பார்ப்பது கேட்டது, டமாரச் சத்தம் மட்டும் காற்றில் விட்டுவிட்டு வந்தது. தொண்ணூற்றாறு வருடமாக மெரிடனும் ஆஷ்டன் ஸ்டேட்டும் ஆடிவந்த ஃபுட்பால், பெயர்தான் கால்பந்து, காலால் உதைப்பதைவிடக் கையால் பிடுங்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம், அது இன்றோடு, ஆஷ்டன் மைதானத்தில், முடிகிறது. ஊரிலிருந்து தம்பி ஃபோனில் கேட்டபோது இவர் விளக்கிச் சொன்னார், நம்ம ஊர்த் தேர்தல் கூட்டணி மாதிரிதாண்டா, பத்துக் கல்லூரி சேர்ந்து ஒரு கூட்டணி, தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும், டிவிக்காரன் கூட்டணிக்குத்தான் பணம் கொடுப்பான், பெரிய கூட்டணி கூப்பிட்டால் சின்னதைக் கைகழுவிவிட்டு ஓடிவிட வேண்டியது. தம்பி சிரித்தான், அங்கேயும் அதேதானா என்றான். அதேதான். மெரிடன் ஓடியது. பசிபிக் கடலோரத்துப் பணக்காரக் கூட்டணி கூப்பிட்டதும் மறுபேச்சுப் பேசாமல் ஓடியது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் ஐந்து ஓடின. மிச்சம் நின்ற நாலில் ஒன்று ஆஷ்டன், எண்பது மைலில் இருக்கிற பக்கத்து ஊர், நட்டாற்றில் விடப்பட்டது. இதில் பூவராகனுக்கு என்ன வேலை என்றால், ஒவ்வொரு கல்லூரியிலும் விளையாட்டுத் துறையைக் கண்காணிக்க ஓர் ஆசிரியர் பிரதிநிதி உண்டு, ஆட்டத்துக்காகப் பிள்ளைகள் எத்தனை நாள் வகுப்புக்கு மட்டம் போடுகிறார்கள் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர், மெரிடனுக்கு இவர், ஆஷ்டனுக்கு டேல் ஹாக்கன்சன். பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில், எல்லோரும் இவரை டாக்டர் பி என்று சுருக்கிக் கூப்பிட, கோதுமை ஆராய்ச்சிக்காரரான டேல் மட்டும் ஒரு தாளில் முழுப் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு போய் மறுநாள் காலை வந்து பிழையில்லாமல் சொன்னார். பூவராகன். அந்த ராவைக்கூடச் சரியாகச் சொன்னார். அன்றிலிருந்து டேல் ஆங்கிலத்தில் பேசுவதெல்லாம் இவருக்குத் தமிழில்தான் விழுகிறது. வருடம் தவறாமல் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரெதிர்க் கட்சிக்குக் கைதட்டி, ஜெயித்த அணி அந்தக் காலத்து நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, பசியோடு வீடு திரும்புவார்கள். அந்தச் சங்கிலியை இனிமேல் யார் வைத்துக்கொள்வது என்று கமிட்டி போட்டிருக்கிறார்களாம். சங்கிலிக்குக் கமிட்டி உண்டு. மனிதனுக்கு இல்லை.

பிக்கப் நகர்ந்தது, நின்றது. எங்கே ஆரம்பிப்பது. சூட்கேஸிலிருந்து ஆரம்பிக்கலாம். போன வருடம் ஜூலை, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி, நிர்வாகக் கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம், முந்தின நாள் பெய்த மழை தாரில் அங்கங்கே தேங்கியிருந்தது. பல்கலைக்கழகத் தலைவி லோரெய்ன் டில்லார்ட் எதிரே வந்தாள், கையில் சக்கரம் வைத்த சூட்கேஸ், கூடவே பல்கலைக்கழக வக்கீல், அவன் கையிலும் ஒன்று. கோடை விடுமுறையில், வக்கீலோடு, ஒரே நேரத்தில் இரண்டு சூட்கேஸ். வேறு எவனாக இருந்தாலும், எந்த அமெரிக்கனாக இருந்தாலும், குட்மார்னிங், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டிருப்பான். பூவராகன் கேட்கவில்லை. கேட்க வரவில்லை. எங்கே என்கிற சொல் தொண்டையில் வந்து நின்றது, நின்றவுடன் தொடையில் சுரீரென்றது, ஐம்பத்தைந்து வருடத்துக்கு முந்தின கிள்ளு. ஸ்ரீமுஷ்ணத்தில் அப்பா இன்சூரன்ஸ் ஏஜெண்டு, வெளியே கிளம்புகிற ஒவ்வொரு தரமும் பாலிசி பிடிக்கத்தான், வாசலில் நின்று ஆறு வயதில் இவர் "எங்கேப்பா?" என்று கேட்டுத் தொலைத்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து மறுபடி கிளம்பினார், அதற்குள் விருத்தாசலம் பஸ் போய்விட்டது. அம்மா கிள்ளியதில் தொடை கன்றிப்போனது. கிளம்புறவங்களை எங்கேன்னு கேக்காதேடா, கேட்டே ஆகணும்னா தூரமான்னு கேளு. அதையே கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டார், தலைவி அவர்களே, தூரமா? டில்லார்ட் நின்றாள். வக்கீலைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்து மெல்லச் சிரித்தாள், தூரம்தான், உங்களுக்கும் செய்தி எட்டிவிட்டதா, நல்லதாகப் போயிற்று, நீங்கள் கலவரப்படாமல் இருப்பதைப் பார்க்க நிம்மதியாக இருக்கிறது என்றாள். மரியாதைக்கு இவரும் சிரித்தார். அவள் கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த நிமிடத்தில்தான், காரைப் பின்னால் எடுத்துத் திரும்புவதற்கு முன்னால், கூட்டணி மாறத்தான் போகிறாள் என்று இவருக்குப் பட்டது. கூப்பிட்டிருக்கலாம். கையை ஆட்டியிருக்கலாம். புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாதே. அதற்கும் ஒரு கிள்ளு இருந்தது.

மறுநாள் அறங்காவலர் கூட்டத்தில் அவள் போன இடத்திலிருந்தே ஃபோனில் சொன்னாளாம், ஆசிரியர் பிரதிநிதியிடம் நேரில் பேசியாயிற்று, அவருக்கு ஆட்சேபணை இல்லை. லிஃப்டில் ஓர் அறங்காவலர் இவர் முதுகில் தட்டி, உங்கள் ஆதரவு பெரிய பலம் என்றபோதுதான் இவருக்கே தெரிந்தது. தூரமா என்று ஒரு வார்த்தை கேட்டதற்கு இவ்வளவா. இதை வைத்துப் பூவராகன் பதினாறு மாதமாகத் தன்னையே சமாதானம் செய்துகொண்டிருக்கிறார், பழக்கதோஷம், என்ன செய்ய, வளர்ப்பு அப்படி. ஆனால் வண்டி நகராத இந்த நேரத்தில், நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், அதே வாயால் எத்தனை பேரை எங்கே போறே என்று கேட்டிருக்கிறார். மாணவர்களைக் கேட்டிருக்கிறார், வீட்டுக்குக் குழாய் சரிசெய்ய வந்தவனைக் கேட்டிருக்கிறார். பெரிய பதவியில் இருக்கிறவளிடம் மட்டும் அம்மாவின் கிள்ளு ஞாபகம் வருகிறதா. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டும், அதுதான் விஷயம், அம்மாவைச் சாட்சிக்கு இழுப்பதெல்லாம் சாக்கு. புதுக் கூட்டணியில் வாலிபால் ஆடுகிற பெண்கள் புதன்கிழமை மத்தியானம் இரண்டாயிரம் மைல் பறந்து போய், ஆடி, வெள்ளிக்கிழமை காலை கண்ணெரிச்சலோடு வகுப்புக்கு வரப்போகிறார்கள், அதற்கெல்லாம் கையெழுத்துப் போடப் போவதும் இவர்தான். தூரமா என்று கேட்டவருக்குத் தூரம் தெரியாதா. அம்மா பாவம்.

"மூணாவது தடவையா ஹார்ன் அடிக்கிறான் பின்னாடி," என்றாள் வசுமதி. நகர்ந்தார். சாலையோரம் நடந்து போகிறவர்கள் இவர்கள் காரைத் தாண்டிப் போனார்கள், ஆஷ்டன் பச்சையும் மெரிடன் சிவப்பும் கலந்து, கையில் நாற்காலி, பீர் பெட்டி, கம்பளி. யாரும் சண்டை போடவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது, சாவு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் இப்படி வழிவிட்டு நடப்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டேல் ஃபோன் செய்தார். சமையலறையில் நின்றபடிதான் பேசினார் இவர், எதிரே ஜன்னலில் புதினாத் தொட்டி, அதன் மேல் ஒரு எறும்பு வரிசை, இன்றைக்கும் எண்ணிச் சொல்லலாம். ஏழு மணிக்கு எங்க கமிட்டி கூடுது, என்றார் டேல், மேற்கே ஒரு சின்னக் கூட்டணி எங்களைக் கூப்பிட்டிருக்கு, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும், மெரிடன் இருக்கும்னா நாங்களும் இருந்துடுவோம், அங்கே ஏதாவது நடக்குதா? எறும்பு வரிசை தொட்டியின் விளிம்பைச் சுற்றி வந்தது. இரண்டு சூட்கேஸ். வக்கீல். தூரம்தான். ஆனால் அவள் எங்கே என்று சொல்லவில்லையே, இவரும் கேட்கவில்லையே, கேட்காத விஷயம் எப்படித் தெரிந்த விஷயமாகும். எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லை, என்றார். சரி, நல்லது, என்று டேல் வைத்துவிட்டார். ஏழு மணிக்கு ஆஷ்டன் கமிட்டி கூடி, மேற்கத்திக் கூட்டணிக்கு வேண்டாம் என்று எழுதியது. வியாழக்கிழமை மெரிடன் கிளம்பிவிட்ட செய்தி டிவியில் வந்தது. டிவிப் பணம் நின்றுபோக, அந்தக் குளிர்காலத்தில் ஆஷ்டன் மல்யுத்தத்தை நிறுத்தியது, நீச்சலை நிறுத்தியது, பெண்கள் நெடுந்தூர ஓட்டத்தை நிறுத்தியது. ஓட்டத்துக்குக் கோச் டேலின் மகள் கிறிஸ்டன். பதினொரு வருடம் அந்த வேலையில் இருந்தவள். இப்போது ஆரிகன் பக்கம் ஒரு செருப்புக் கடையில் ஓட்டக்காரர்களுக்குக் கால் அளவு எடுக்கிறாளாம்.

இருந்தும் டேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை, கத்தியிருந்தால் தேவலை. போன நவம்பரில் ஆட்டம் மெரிடனில், வழக்கம்போல டேலும் மனைவி மார்லீனும் வந்தார்கள், இவர் வீட்டில் சாப்பிட்டார்கள், டேல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தார், இவர் துடைத்து அடுக்கினார். பெண்கள் இருவரும் கூடத்தில் இருந்தார்கள். அடுக்களையில் இரண்டு ஆண்கள், வெந்நீர் ஆவி, யாரும் கேட்காத இடம், இதைவிட நல்ல சந்தர்ப்பம் சினிமாவில்கூட அமையாது. கடைசித் தட்டைக் கொடுத்துவிட்டு டேல் குழாயை மூடினார், கையைத் துடைக்காமல் சொட்டச் சொட்ட நின்று, வேற ஏதாவது இருக்கா? என்று கேட்டார். இவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, இல்லை, அவ்வளவுதான், என்றார். பாத்திரத்தைப் பற்றித்தான் கேட்டார் என்று இவர் அன்று நம்பினார். நம்பினாரா. எட்டிப் பார்த்தபோது தொட்டி காலியாக இருந்தது, எட்டிப் பார்க்காமலே அது தெரிந்ததுதான். அதற்கப்புறம் ஃபோன் குறைந்தது, வாரத்துக்கு ஒன்று மாதத்துக்கு ஒன்றாயிற்று, கோடையில் அதுவும் இல்லை, வேலையாக இருப்பார் என்று இவரே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். இன்றைக்கு விட்டால் இனி இல்லை. அடுத்த வருடம் இவர் சிவப்புத் தொப்பியோடு கடலோரம் பறப்பார், டேல் எங்கே இருப்பாரோ, வருடத்துக்கு ஒரு நாள் என்று இருந்த கட்டாயமும் போய்விடும், கட்டாயம் இல்லாமல் நிற்கிற சிநேகிதம் எத்தனை. சொன்னால் டேல் போய்விடுவார். சொல்லாவிட்டாலும் மெல்லப் போய்விடுவார். சொன்னால் ஒரே அடியாக, இவர் கண் முன்னால், மார்லீன் பார்க்க. அந்த முகத்தை நினைத்தால் அடுத்த திருப்பம் எங்கே என்று கண் தேடியது. திரும்பிவிடலாமா. தலைவலி என்று சொல்லலாம். "வசு," என்றார். அவள் கண்ணைத் திறந்தாள். அவளிடம் முதலில் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயெடுத்தார், எல்லாவற்றையும், சூட்கேஸையும் எறும்பையும், சொன்னார். நான்கே வாக்கியத்தில் முடிந்துவிட்டது, பதினாறு மாதம் சுமந்தது. அவள் டப்பாவின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள். "அந்தப் பொண்ணு வேலை போனப்ப நான் ஃபோன் பண்ணி அழுதேனே, அப்பவும் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றார். அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவர் நினைக்கவில்லை. "போய்ச் சொல்லுங்க," என்றாள்.

புல்தரையில் நூற்றுக்கணக்கான கார்கள் பின்கதவைத் திறந்துவைத்து, கரியடுப்புப் புகை, கறி வாசனை, யாரோ எங்கோ ரேடியோ. டேல் வழக்கமான இடத்தில்தான் இருந்தார், பச்சைத் தொப்பி, கையில் கரண்டி, அடுப்பில் அவரை சூப். மார்லீன் வசுமதியைக் கட்டிக்கொண்டாள், வடை டப்பாவை வாங்கி மேஜையில் வைத்தாள், இருவரும் நாற்காலி விரிக்கப் போனார்கள். டேல் காகிதக் கோப்பையில் சூப் ஊற்றி இவரிடம் நீட்டினார். பூவராகன் அதை வாங்கிக்கொண்டே, எங்கே சூடு தணிந்தால் தைரியமும் தணிந்துவிடுமோ என்று பயந்தவர்போல, சொல்லிவிட்டார். டேல், நீ ஃபோன் பண்ண அன்றைக்குக் காலையிலேயே எனக்குத் தெரியும். எங்க தலைவி வக்கீலோட, பெட்டியோட கிளம்பினதைப் பார்த்தேன். எங்கேன்னு கேட்டிருக்கணும், கேட்கலை. உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும், சொல்லலை. கிறிஸ்டனுக்கு நடந்ததுக்கு நானும் காரணம். டேல் அடுப்பைக் கொஞ்சம் தணித்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார். குரலில் கோபம் இல்லை. "மழை எப்படின்னு கேட்டாலே பத்து நிமிஷம் பேசுற ஆள் நீ. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லைன்னு முடிச்சுட்டே. ஃபோனை வைக்கும்போதே தெரிஞ்சுடுச்சு."

அப்படியானால் கமிட்டியில் ஏன் சொல்லவில்லை, மேற்கே போகலாம் என்று ஏன் சொல்லவில்லை என்று பூவராகன் கேட்டார். டேல் கரண்டியை மேஜை விளிம்பில் தட்டித் துடைத்தார்.

"என்ன சொல்றது? என் சிநேகிதன் பொய் சொல்றான், அதனால கிளம்பிடுவோம்னா? பதினைஞ்சு பேர் முன்னாடியா? நீ என்ன சொன்னியோ அதை அப்படியே சொன்னேன். அது என் தப்பு, அதை உன் தலையில போடலை. ஆனா காத்திருந்தேன், பூவராகன். நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். உங்க வீட்டு அடுக்களையிலகூட நின்னேன்."

சூப் கையைச் சுட்டது, பூவராகன் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. இவ்வளவு வழியும் இன்றைக்கு என்ன உடையப் போகிறதோ என்று நடுங்கிக்கொண்டு வந்தவருக்கு, உடைந்தது இன்றைக்கல்ல என்று மெல்லப் புரிந்தது, ஏதோ ஒரு நாள், தான் வகுப்பெடுத்துக்கொண்டோ புல் வெட்டிக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்த ஒரு நாள். எது வரைக்கும் காத்திருந்தே, என்று கேட்டார்.

டேல் யோசிக்கவில்லை. "மார்ச் பதினெட்டு, சனிக்கிழமை. கிறிஸ்டன் வீட்டைக் காலி பண்ணின நாள். ஒரு பெரிய சோஃபா, எனக்கும் அவளுக்கும் படியில இறக்கவே உயிர் போயிடுச்சு, லாரியில ஏத்த முடியலை. பூவராகனைக் கூப்பிடட்டுமான்னு மார்லீன் ஃபோனைக் கையில எடுத்தா. ஒன்றரை மணி நேரத்துல நீ வந்து நின்னிருப்பே, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை." அவர் பாத்திரத்தின் மூடியை எடுத்துச் சூப்பை மூடினார். "வேண்டாம்னேன். சோஃபாவை ரோட்டோரமா விட்டுட்டோம், யார் வேணும்னாலும் எடுத்துட்டுப் போகட்டும்னு."